பூ அலங்கார வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ரிசார்ட் விழாவும் அறக்கட்டளை மேடையும்

மாலை 6 மணிக்கு விருந்தினர்கள் வருகிறார்கள். அந்த 6 மணிக்கு ஒவ்வொரு பூவும் எந்த நிலையில் இருக்க வேண்டும்? எங்கள் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. நிறம், வடிவம், மேடை எல்லாம் அதற்கு அப்புறம். கிருஷ்ணகிரியில் அம்மாவின் பூக்கடையில் சரம் கட்டிப் பழகி, பிறகு ரிசார்ட் விழாக்களுக்கும் அறக்கட்டளை நிகழ்ச்சிகளுக்கும் அலங்காரம் செய்யப் போனேன். இப்போது என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகள் கைபேசியில் நூறு படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல படங்கள்தான். ஆனால் அந்தப் பூ எத்தனை மணிக்குக் கட்டப்பட்டது, எத்தனை மணிக்கு வாடியது என்பது படத்தில் இருக்காது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கைக்கெட்டும் தூரத்தில் என்ன விளைகிறது?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போனால்தான் நல்ல பூ கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். நம் ஊரை முதலில் சுற்றிப் பாருங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியில்தான் ஓசூர், பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா, ஜெர்பெரா, கார்னேஷன் வளர்க்கிறார்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜா இங்கே விளைவதுதான். ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு, தருமபுரி, தொப்பூர் வரை உதிரிப்பூ: சாமந்தி, செண்டுமல்லி, சம்பங்கி, குண்டுமல்லி, கோழிக்கொண்டை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மூன்றும் ஒரே நெடுஞ்சாலையில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. இத்தனை வகைப் பூ ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பண்ணை ரோஜா 20 தண்டு கொண்ட கட்டாக வரும். தண்டு 40, 50, 60 சென்டிமீட்டர் என்று நீள நீள விலை கூடும். மேசை அலங்காரத்துக்கு எப்படியும் தண்டை வெட்டத்தான் போகிறீர்கள், அதற்கு 40 சென்டிமீட்டர் போதும். நீளத் தண்டை உயரமான ஜாடிகளுக்கு மட்டும் வாங்குங்கள். பிப்ரவரி முதல் இரண்டு வாரங்களில் சிவப்பு ரோஜாவை நம்பி யாருக்கும் விலை சொல்ல வேண்டாம். அதேபோல முகூர்த்த நாளிலும் ஆயுத பூஜை வாரத்திலும் உதிரிப்பூ விலை ஒரே இரவில் ஏறிவிடும். கல்யாணம் இல்லாத நாட்களில் பூ பெரும்பாலும் மலிவு. தேதியைத் தள்ளிவைக்க முடிந்த அறக்கட்டளைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லி, சிலர் மாற்றியும் இருக்கிறார்கள்.

விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு மாதம் சும்மா நின்று பாருங்கள். வாங்கவே வேண்டாம். எந்த மூட்டை ஈரமாக இருக்கிறது, எந்தச் சாமந்தியைத் தொட்டால் இதழ் உதிர்கிறது, எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்பதெல்லாம் கைக்குத் தெரிய அவ்வளவு நாள் வேண்டும்.

இடத்தைப் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள்

ரிசார்ட் என்றால் நம் பக்கத்தில் பலவிதம். அணைக்கட்டுப் பக்கம் ஒன்று, மாந்தோப்புக்குள் ஒன்று, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி ஒன்று, ஒகேனக்கல் சாலையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் பூவுக்கு வரும் ஆபத்து வேறு.

விழா எத்தனை மணிக்கோ அதே மணிக்கு, ஒரு நாள் முன்னதாகப் போய் அங்கே நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, ஏசியின் வாய் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏசியைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. ஓசூர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டின் கூடத்தில், மேடைக்குப் பின்னால் சம்பங்கிச் சரங்களை வரிசையாகத் தொங்கவிட்டோம். காலையில் கட்டும்போது ஏசி ஓடவில்லை. மாலையில் போட்டதும் குளிர்காற்று நேராக அந்தச் சரங்கள் மேல் அடித்தது. இரண்டு மணி நேரத்தில் மொட்டு நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. குளிர்ச்சி பூவுக்கு நல்லதுதான், ஈரமில்லாத காற்று நல்லதல்ல. அன்றிலிருந்து முதல் வேலையாக ஏசியைப் போடச் சொல்லி, ஒரு நூலைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நடக்கிறேன். நூல் ஆடும் இடத்தில் பூ வைப்பதில்லை.

நீர்த்தேக்கத்தின் கரையில் திறந்தவெளி மேடை என்றால் ஆடிக் காற்றை மனதில் வையுங்கள். பின்திரை முழுக்க அடைத்துக் கட்டினால் அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிச் சாயும். சரங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, சட்டத்தின் அடியில் மணல் மூட்டை கட்டுங்கள். இன்னொன்று, பின்னால் தண்ணீரும் மலையும் தெரியும் இடத்தில் அதை மறைத்துப் பூச்சுவர் எழுப்புவது தவறு என்பது என் கருத்து. அந்தக் காட்சிக்காகத்தான் பணம் கொடுத்து அங்கே வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பூத்தூண், நடுவே மலை. போதும்.

காட்டை ஒட்டிய ரிசார்ட்டுகளில் வாசலுக்கு வாழைமரமும் கரும்பும் கட்டச் சொல்வார்கள். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் நடமாட்டம் அதிகம். இரவு முழுக்க வாழையும் கரும்பும் வெளியே நிற்பது அவற்றைக் கூப்பிடுவது மாதிரி. விழா முடிந்ததும் அன்றிரவே அவிழ்த்து அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் கட்டவே கூடாது. காட்டுக்குள் போய்க் கொடி, இலை வெட்டி வருவதும் வேண்டாம். அங்கே பெரும்பகுதி காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம். 2014 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி.

மேலாளரிடம் கேட்க வேண்டியவை: சுவரில் ஆணி அடிக்கலாமா, டேப் ஒட்டினால் பெயின்ட் உரியுமா, வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம், தண்ணீர்க் குழாய் எங்கே, குப்பையை யார் எடுப்பது. நீச்சல் குளத்தில் இதழ் தூவச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நாலு பித்தளை உருளி வைத்து அதில் மிதக்க விடலாம், பார்க்கவும் அது அழகு. வெள்ளை மார்பிள் தரையில் செண்டுமல்லி இதழை நேரடியாகப் போட்டால் மிதிபட்டு மஞ்சள் கறை பிடிக்கும். அடியில் துணி விரியுங்கள்.

அறக்கட்டளை நிகழ்ச்சி: இங்கே கை சற்றுச் சுருங்க வேண்டும்

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். கொடுப்பது இங்கே புதிதல்ல. ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம், படிப்புக்கு உதவித்தொகை, முதியோர் இல்லத்துக்கு நிதி என்று ஏதாவது நிகழ்ச்சி வந்துகொண்டே இருக்கும். புதிதாக வருபவர்கள் ரிசார்ட் அலங்காரத்தையே கொஞ்சம் சின்னதாக்கி இங்கே வைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டும் மேடையில், அந்தக் கட்டணத்தைவிட அதிக விலையில் பூ நின்றால் பணம் கொடுக்க வந்தவருக்கு உறுத்தும். உறுத்தவும் வேண்டும்.

அதனால் முதலில் தொகையைக் கேளுங்கள், பூவை அப்புறம் பேசலாம். கொடுக்கும் தொகையில் முக்கால் பங்கை ஒரே இடத்தில் போடுங்கள், எல்லோரும் பார்க்கும் மேடை முன்பக்கத்திலோ குத்துவிளக்கைச் சுற்றியோ. மீதியை நுழைவாயிலுக்கு வையுங்கள். நாற்காலிக்கு நாற்காலி பூ வேண்டாம். விருந்தினருக்குச் செலோபேன் சுற்றிய பொக்கேவுக்குப் பதில் தொட்டிச்செடி கொடுக்கலாம். நிகழ்ச்சி முடியும் வரை அதே தொட்டிகளை மேடை ஓரத்தில் வரிசையாக வைத்தால் அதுவே அலங்காரம். நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் வெண்கலத் தட்டில் அதைக் குவித்து நடுவில் மரிக்கொழுந்து செருகி மேசைதோறும் வைத்திருக்கிறேன். தருமபுரிக்காரர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. போகும்போது கையில் ஒன்றை எடுத்துக்கொண்டும் போனார்கள்.

யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது இங்கே ரிசார்ட்டைவிட முக்கியம். ரத்தம் கொடுக்க வருபவர்கள் இருக்கும் மூடிய அறையில் சம்பங்கியும் மல்லியும் வைத்தால் அந்த வாசனையே சிலருக்குத் தலைசுற்றலைக் கொண்டுவரும். அங்கே ஜெர்பெரா, இலை, தொட்டிச்செடி போதும். கண் சிகிச்சை முகாமில் மகரந்தம் உதிரும் லில்லி கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் வாசல் பூத்தூண்களுக்கு நடுவே 4 அடியாவது விடுங்கள், தரையில் இதழோ துணியோ போடாதீர்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு நிகழ்ச்சிக்குச் செய்த அலங்காரத்தை நான் மறக்கவே மாட்டேன். வாசலில் குண்டுமல்லி, கூடத்தின் வலப்பக்கம் மரிக்கொழுந்து, மேடைக்கு ஏறும் இடத்தில் பன்னீர் ரோஜா என்று வைத்தோம். கைக்கு எட்டும் உயரத்தில் கோழிக்கொண்டையும் ராகிக் கதிரும் கட்டினோம். வெல்வெட் மாதிரி ஒன்று, சொரசொரப்பாக இன்னொன்று. பிள்ளைகள் தடவித் தடவிப் போனார்கள். ரோஜா வாசனை வந்ததும் "படி வந்துருச்சு" என்று ஒரு பையன் சொன்னான். பூவுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அரளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செவ்வரளி சரம் மலிவு, நிறமும் நிற்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நச்சு. சாப்பாட்டு மேசை, கேக், தாம்பூலத் தட்டு, குழந்தைகள் கை எட்டும் இடம், இவற்றில் எங்கும் அரளி வேண்டாம்.

அளவு போடுவது

வெறும் கண்மதிப்பில் வாங்கினால் நஷ்டப்படுவீர்கள். ஒரு சுலபமான வழி உண்டு. எந்தப் பூவோ அதில் ஓர் அடிச் சரம் கட்டி எடை போடுங்கள். 12 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள பின்திரைக்கு அரை அடிக்கு ஒரு சரம் என்றால் 25 சரம், மொத்தம் 200 அடி. ஓர் அடி 80 கிராம் வந்தால் 16 கிலோ. பத்தில் ஒரு பங்கு சேதாரம் சேர்த்து 18 கிலோ வாங்குங்கள். சரம் கட்டும் அம்மாக்கள் முழக் கணக்கில் பேசுவார்கள். முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி, ஆனால் கைக்குக் கை மாறும். அவர்களிடம் அடிக்கோலைக் கொடுத்து, கூலியை முதலிலேயே பேசி, வேலை முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். அவர்கள் விரல்தான் உங்கள் தொழில்.

மேசை நடுவே வைக்கும் பூ ஓர் அடிக்குள் இருக்கட்டும், அல்லது மெல்லிய தண்டில் 2 அடிக்கு மேலே போகட்டும். இடைப்பட்ட உயரத்தில் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. பேச்சாளர் மேசைக்கும் இதே கணக்கு. விளக்கையும் கேளுங்கள். நீல விளக்கில் சிவப்பு ரோஜா கறுப்பாகத் தெரியும், மஞ்சள் விளக்கில் வாடாமல்லியின் ஊதா மங்கிவிடும். இரவு நிகழ்ச்சிக்கு வெள்ளை, வெளிர் மஞ்சள், இளஞ்சிவப்புப் பூக்கள் தாங்கும்.

பின்னோக்கி எண்ணுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சனிக்கிழமை மாலை 6 மணி விழா என்று வைத்துக்கொள்வோம்.

செவ்வாய் அல்லது புதன்: லில்லி வாங்குங்கள். மொட்டாக வரும், விரிய மூன்று நான்கு நாள் வேண்டும். விரிய விரிய நடுவில் உள்ள மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள், சட்டையில் பட்டால் கறை போகாது.

வியாழன்: ரோஜா, கார்னேஷன். பண்ணை ரோஜா இறுகிய மொட்டாகத்தான் வரும். அதை அப்படியே விழா அன்று வாங்கி வைத்தால் மேசையில் பச்சை மிளகாய் மாதிரி நிற்கும். வந்ததும் தண்ணீரில் மூழ்கும் இலையை எல்லாம் உருவி, தண்டைச் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, உடனே வாளியில் வையுங்கள். வெட்டியபின் காற்றில் விட்டால் தண்டுக்குள் காற்றுக் குமிழ் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் தலை தொங்கிவிடும். வாளியை முந்தின நாளே பிளீச்சிங் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். நீங்கள் குடிக்கத் தயங்கும் தண்ணீரைப் பூவுக்கும் வைக்காதீர்கள்.

ஒரு விஷயம் நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டும். மே, ஜூனில் வாடகைக்கு வரும் மினி லாரி காலையில் மாங்காய் லோடு அடித்திருக்கும். பழுக்கும் மாம்பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாது, இதழ் உள்பக்கம் சுருண்டு தூங்கிவிடும். வண்டியைக் கழுவி, கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டபின் ஏற்றுங்கள். பூ வைக்கும் அறையில் பழக்கூடை வேண்டாம்.

வெள்ளி: ஜெர்பெரா, சாமந்தி, செண்டுமல்லி, இலை வகைகள். ஜெர்பெராவுக்கு மட்டும் தண்ணீர் இரண்டு மூன்று அங்குலம் போதும். அதன் தண்டில் சிறு முடி இருக்கும், ஆழத் தண்ணீரில் அழுகிவிடும். சாமந்திச் சரத்தை வெள்ளி மாலை கட்டி, நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெந்துவிடும்.

பச்சை ஃபோம் (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூத்தண்டு செருகும் கட்டி) பயன்படுத்துபவர்கள் அதைத் தண்ணீர் மேல் வைத்துவிட்டுத் தானாக மூழ்க விட வேண்டும். கையால் அழுத்தினால் நடுவில் காய்ந்த இடம் நின்றுவிடும், அங்கே செருகும் பூதான் முதலில் சாயும். ஒரு செங்கல் அளவு ஃபோம் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வளைவில் பத்துக் கட்டி வைத்தால் 20 கிலோ தலைக்கு மேல் தொங்குகிறது என்று அர்த்தம், அதற்கேற்ற சட்டம் வேண்டும். ஃபோம் மக்காது. நான் முடிந்த இடத்தில் எல்லாம் கோழிவலையைச் சுருட்டி ஜாடிக்குள் வைத்து அதில் செருகுகிறேன். வலையைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

சனி விடியற்காலை: குண்டுமல்லி, சம்பங்கி. மல்லி மொட்டாக வந்து மாலையில் மலரும். 6 மணி விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. விருந்தினர் உள்ளே வரும்போதுதான் வாசனை எழும். ஆனால் காலை 10 மணி நிகழ்ச்சிக்கு மல்லித் திரை கட்டினால் மூடிய மொட்டுத்தான் தெரியும், பணத்துக்கு ஏற்ற பயன் இருக்காது.

காலை 9 மணி: சட்டம், துணி, விளக்கு. மதியம் 12 வரை: இலையும் சாமந்தியும். தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் இப்போதே ஏறலாம். 2 மணிக்கு மேல் ரோஜா. ஜெர்பெராவும் மல்லியும் கடைசியில், 4 மணிக்கு மேல். ஏப்ரல், மே வெயிலில் திறந்தவெளி என்றால் இதையும் ஒரு மணி நேரம் தள்ளுங்கள். மற்ற நாட்களில் 5 மணிக்கு ஏணி, வாளி, நூல்கண்டு எதுவும் கண்ணில் படக்கூடாது. கடைசி ஒரு மணி நேரம் கையில் தெளிப்பானும், ஒரு கட்டு ரோஜாவும், கத்தரிக்கோலும் மட்டும். எது சாய்ந்திருக்கிறதோ அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பணம்

பூ, கூலி, வண்டி, சட்டம் வாடகை, இரவு வேலைக்குச் சாப்பாடு, சேதாரம் இவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பாதித் தொகை முன்பணம். பூக்காரருக்கு நீங்கள் ரொக்கம் கொடுக்க வேண்டும், அங்கே கடன் சொல்ல முடியாது. ஒரு ரிசார்ட் எனக்கு மீதித் தொகையை நாலு மாதம் இழுத்தடித்தது. எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்க வாயில்லை. இப்போது வாட்ஸ்அப்பிலாவது தேதியும் தொகையும் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகுதான் பூவுக்குச் சொல்கிறேன். அறக்கட்டளைக்குக் குறைத்துச் செய்ய ஆசைப்பட்டால் உங்கள் கூலியில் குறையுங்கள். சரம் கட்டுபவர் கூலியில் கை வைக்காதீர்கள்.

அன்றிரவே செய்ய வேண்டியது

விழா முடிந்ததும் நல்ல ரோஜாவையும் சாமந்தியையும் பிரித்தெடுங்கள். முன்கூட்டியே பேசி வைத்தால் முதியோர் இல்லத்தில் மறுநாள் காலை வாங்கிக்கொள்வார்கள். பத்துப் பத்தாகச் சின்னக் கட்டு கட்டிக் கொடுங்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒன்று வரும். வாடியதை நூல், கம்பி, ஃபோம் எல்லாம் நீக்கி மாந்தோப்புக்காரருக்கு எருவுக்குக் கொடுக்கலாம். வாழைநாரில் கட்டிய சரமாக இருந்தால் பிரிக்கவே வேண்டியதில்லை, அப்படியே மக்கும். அணையிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது.

அப்புறம் வாளிகள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள். அடுத்த வாரத்து ரோஜா அதில்தான் நிற்கப் போகிறது.